அலுமாரிக்குள் அடைபட்ட வரலாறு

யாழ்ப்பாணத்துத் திருச்சபைகளிலே வரலாறு என்பது ஆண்டு விழாக்களின்போது மட்டுமே விழித்தெழுகின்றது. ஐம்பதாம் ஆண்டு, நூறாம் ஆண்டு என ஒரு விழா நெருங்கியதும் மலர்க்குழு ஒன்று அமைக்கப்படும். ஆயரின் ஆசியுரை, குருவானவரின் வாழ்த்துரை, முன்னாள் தலைவர்களின் மார்பளவுப் படங்கள், வணிக நிலையங்களின் விளம்பரங்கள் ஆகியவற்றின் நடுவே இரண்டு பக்கங்களில் 'எமது இளைஞர் சங்கத்தின் வரலாறு' அச்சாகும். விழா முடிந்த மறுநாள் கூட்ட அறிக்கைப் புத்தகங்களும், முகாம்களில் எடுத்த புகைப்படங்களும், நாடகப் பிரதிகளும் மீண்டும் மிசன் வீட்டு அலுமாரிக்குட் போய்விடும். அதன் திறப்பு எவரிடம் உள்ளதென்பதை ஒருவரோ இருவரோதான் அறிவர். கரையான் திறப்புக் கேட்பதில்லை.

இவ்வலுமாரிகளினுள்ளே கிடப்பது ஒரு மதப் பிரிவினரின் குடும்பச் செய்தி மட்டுமே என எண்ணுவோர் பல்கலைக்கழகத்திலும் உளர். அவர்கள் சில ஆண்டுகளை நினைவிற் கொள்ளல் நன்று. கிறிஸ்தவ வாலிபர் சங்கம் 1844 இல் இலண்டனிலே தோன்றியது. நாற்பது ஆண்டுகளின் பின், 1884 இல், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் அதன் மாணவர் கிளையொன்று நிறுவப்பட்டது. ஆசியாவின் முதல் மாணவர் கிளை அதுவே எனச் சங்கத்தின் வரலாறு கூறும். இத்தகைய சங்கங்கள் செபக் கூட்டம் நடத்தியதோடு நின்றுவிடவில்லை. பிரேரணை முன்மொழிதல், ஆமோதித்தல், வாக்கெண்ணுதல், கணக்கு ஒப்புவித்தல், அறிக்கை எழுதுதல் ஆகியவற்றை நம் இளைஞர் பலர் முதன்முதலிற் பயின்ற களரி இதுவேயாகும்.

1924 இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தோன்றியது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கத்தின் முன்னோடி ஹன்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியின் சூழலில் உருவானவர். 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவரும், 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்து குடாநாட்டின் 4 தொகுதிகளை வெறுமையாக விடச் செய்தவரும் இவ்விளைஞரே. வாலிபர் காங்கிரசைத் திருச்சபையின் பிள்ளை என்பது மிகை. சைவ இளைஞரும் அதன் தூண்களாய் நின்றனர். ஆயின் திருச்சபையின் இளைஞர் பணிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்பது அதனினும் பெரிய மிகை. இவ்விரு மிகைகளையும் திருத்தவல்ல சான்றுகள் எங்கே உள? அலுமாரிக்குள்ளேதான்.

இவற்றை வெளியே கொணர்ந்து, ஊர்தோறும் எடுத்துச் செல்லும் நடமாடும் கண்காட்சியாக அமைத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இதனைக் கேட்டதும் மூன்று மறுப்புக்கள் எழும்.

முதலாவது, 'பாதுகாப்பு முதலில், காட்சி பின்னர்' என்பது. கேட்பதற்கு அறிவுடைமையாகத் தோன்றும் இக்கூற்று நம் மண்ணின் அனுபவத்துக்கு முற்றிலும் முரணானது. ஓரிடத்திற் குவித்துக் காத்தவை யாவும் ஓரிரவிலே அழியும் என்பதை 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் எரிப்பு உணர்த்திற்று; ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அன்று சாம்பராயின. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது மக்கள் எடுத்துச் சென்றவை உடுதுணியும் அரிசியும் பிள்ளைகளுமே. அறிக்கைப் புத்தகத்தைச் சுமந்து செல்லாததற்காக அவர்களைக் குறைகூறுதல் எவருக்கும் தகாது. எஞ்சியவை எவை? பிரதிகள் வேறெங்கோ சிதறிக் கிடந்தவையே எஞ்சின. ஆகவே, ஒரு புகைப்படத்தைப் பத்துப் பிரதிகளாக்கிப் பத்து ஊர்களுக்கு அனுப்புதல் பாதுகாப்புக்குப் புறம்பான செயலன்று. அதுவே பாதுகாப்பு.

மேலும், காட்டுதலே சேகரித்தலும் ஆகும். 1950 களில் எடுக்கப்பட்ட முகாம் படமொன்றில் முப்பது முகங்கள் இருக்கலாம். படத்தின் பின்புறத்தே ஆண்டு மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். அப்படம் குருநகருக்கோ உடுவிலுக்கோ சென்றால், எண்பது வயது மூதாட்டி ஒருவர் விரல் வைத்துப் பெயர் சொல்லுவார். சொல்லிவிட்டுத் தம் வீட்டு றங்குப்பெட்டியிற் கிடக்கும் வேறொரு படத்தை எடுத்துவர ஆளனுப்புவார். அங்கேயே அதனைப் பிரதியெடுத்து, மூலத்தை அவர் கையிலேயே மீளக் கொடுத்துவிடலாம். 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் மின்னூலகப் பணி போற்றுதற்குரியது. அதனையிட்டு 'எல்லாம் இணையத்தில் உண்டு, கண்காட்சி எதற்கு?' எனக் கேட்போர் உளர். இணையத்தில் ஏற்றப்பட்ட பெயரற்ற முகம் பெயரற்ற முகமாகவே இருக்கும். பெயரறிந்தவர்கள் கணினி முன் அமர்வதில்லை. அவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

இரண்டாவது மறுப்பு பல்கலைக்கழகத்திலிருந்து வருவது: மிசனரி வரலாறு குடியேற்றவாதத்தின் வரலாறு, அதனை ஊர்வலம் கொண்டுசெல்வதேன்? இதற்கு நீண்ட விடை வேண்டியதில்லை. குடியேற்றவாதத்தை ஆராய விரும்புவோருக்கே இச்சான்றுகள் முதலில் வேண்டும். அன்றியும் மிசனரிமார் தொடங்கிய சங்கங்களை நம் இளைஞர் வேறு வழியிற் கொண்டுசென்றனர் என்பதற்கு 1939 இல் மருதனார்மடத்தில் எழுந்த கிறிஸ்த சேவா ஆச்சிரமம் ஒரு சான்று. 1948 இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது, அதன் தொடக்க ஆராதனையிற் பிரசங்கித்த டி. ரி. நைல்ஸ் அப்போது 40 வயதினர். மாணவ கிறிஸ்தவ இயக்கத்தில் வளர்ந்தவர். அம்மன்றத்தின் இளைஞர் பகுதிக்குத் தலைமை தாங்கியவர். அவரை ஏவலாளராகக் காண்போர் வரலாற்றைப் படியாதோர்.

மூன்றாவது மறுப்பு வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. அதுவே வலிமை மிக்கது. அலுமாரியைத் திறந்தால் எவை வெளிவரும் என்ற அச்சம் அது. 1930 ஐ ஒட்டிய காலத்தில் பாடசாலைகளிற் சமாசனம் கொடுபட்டபோது எழுந்த எதிர்ப்பும், பள்ளிகள் சில தீயிடப்பட்டமையும் வரலாறறிந்தோர் அறிந்தவை. அவ்வேளை திருச்சபை இளைஞர் எப்பக்கம் நின்றனர்? எவர் எழுந்து பேசினர், எவர் வாளாவிருந்தனர்? ஆராதனையில் ஒரே வாங்கில் அமர்வதற்கு எத்தனை தலைமுறை சென்றது? இளம் பெண்கள் பாடல் குழுவிலே பாடினர், தேநீர் ஊற்றினர். தலைவர்களின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் எப்போது முதலில் இடம்பெற்றனர்? ஆசியுரை மலர்கள் இவற்றுக்கு விடை தருவதில்லை.

இதனினும் துயர் மிக்கது 1970 களின் பிற்பகுதிக்குப் பின்னான பகுதி. வரவுப் பதிவேட்டிலே ஒழுங்காக வந்த ஒரு பெயர் இடைநடுவே நின்றுவிட்டால், அவ்விளைஞன் எங்கே சென்றான்? வெளிநாடா, இயக்கமா, தடுப்பு முகாமா, புதைகுழியா? சங்கம் அவனுக்காக என்ன செய்தது? இக்கேள்விகளைத் தவிர்த்துவிட்டு, முகாம்களின் களிப்பையும் விளையாட்டுப் போட்டி வெற்றிகளையும் மட்டும் தொங்கவிடும் கண்காட்சி நடவாதிருத்தலே மேல். பெயர் வெளியிடுவதால் இன்றும் ஒரு குடும்பத்துக்குத் தீங்கு நேருமாயின் பெயரை மறைக்கலாம்; அக்குடும்பத்தாரிடம் கேட்டே செய்யலாம். நின்றுபோன இடத்தை மறைத்தலாகாது.

பயணம் என்பது இம்மண்ணின் திருச்சபைக்குப் புதியதொன்றன்று. கடற்கரைக் கத்தோலிக்கக் கிராமங்களின் கூத்துக்கள் ஊர்விட்டு ஊர் ஏறின. மடு மாதாவின் திருவுருவம் பவனியாகப் பல பங்குகளுக்குச் சென்றது. 1965 இல் மரியசேவியர் அடிகள் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சியை எண்ணற்ற இளைஞரின் உழைப்பால் மேடையேற்றிற்று. அடிகள் 2021 இல் மறைந்துவிட்டார். அம்மேடைகளிற் சிலுவை சுமந்தவரும், திரைக்குப் பின் விளக்குப் பிடித்தவரும் இன்னும் உளர். அவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்ய எவரும் தடை கூறவில்லை, செய்வார்தாம் இலர்.

செலவைக் காரணங் காட்டுதல் எளிது. சுருட்டக்கூடிய துணித்தட்டிகள் பன்னிரண்டு, படங்களின் நற்பிரதிகள், ஒலிப்பதிவு கேட்க ஒரு கருவி, பிரதியெடுக்க ஒரு கருவி: இவை ஒரு சிறிய வானில் அடங்கும். மார்பளவுப் படங்கள் நிறைந்த பளபளப்பான மலருக்கு ஆகும் செலவோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வைக்கும் இடம் ஆலய மண்டபமாயிராது ஊர்ச் சனசமூக நிலையமாயிருத்தல் நன்று. அங்கே சைவரும் தயக்கமின்றி வருவர், மேற்கூறிய கேள்விகளைத் திருச்சபையார் ஒருவருக்கொருவர் கேட்கத் தயங்கினும் அவர்கள் கேட்பர். 1814 இல் மெதடிஸ்த மிசனரி ஒருவர் வந்திறங்கிய மட்டக்களப்புக்கும், மன்னாருக்கும் செல்லாமல் குடாநாட்டுக்குள்ளேயே சுற்றிவருதல் ஆகாது. 'யாழ்ப்பாணமே தமிழ்க் கிறிஸ்தவம்' என்னும் மயக்கம் ஏற்கெனவே போதிய அளவு உண்டு.

வரலாறும் தொல்லியலும் தமிழும் பயிலும் மாணவர் விடுமுறையில் இரண்டு வாரம் ஒதுக்கினால் முதல் அலுமாரியைப் பட்டியலிட்டுவிடலாம். திறப்பு வைத்திருப்போர் 'தொலைந்துவிடும்' என்கின்றனர். மூலங்களை எவரும் கேட்கவில்லை. அவர்கள் கண்முன்னே, அவர்கள் மேசைமீதே, ஒரு பகற்பொழுது படமெடுக்க அனுமதியே கேட்கப்படுகின்றது.