தோலும் ஒரு தொழில்தான்!



"தோல் தொழிலா? சீச்சீ... நாத்தம்!" என்று மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆனால் காலில் கிடக்கும் செருப்பையும், இடுப்பில் கட்டிய பெல்ட்டையும் கண்டு யாராவது அருவருப்பு அடைந்தது உண்டா?

1763-ல் ஜெர்மனியில் கசாப்புக் கடைக்காரர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர். அமெரிக்கா போய், பீவர் போன்ற விலங்குகளின் ரோமத் தோலை வாங்கி விற்றார். 1808-ல் அமெரிக்கன் ஃபர் கம்பெனியைத் தொடங்கினார். சீனத்துக் காண்டன் துறைமுகம் வரை அவர் சரக்கு போனது. 1848-ல் கண்ணை மூடும்போது அமெரிக்காவின் முதல் பணக்காரர் அவர்தான். நியூயார்க்கில் நூலகம் அமைக்க 4 லட்சம் டாலர் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஆஸ்டர் பிறந்து நூறு வருஷம் கழித்து, 1863-ல் பிறந்தவர் நம்ம ஊர் நவாப் சி. அப்துல் ஹக்கீம். மேல்விஷாரத்துக்காரர். தோல் வியாபாரத்தில் சம்பாதித்தார், அள்ளிக் கொடுத்தார். சென்னை சென்ட்ரல் அருகே உள்ள சித்திக் சராய் என்ற பயணியர் விடுதி அவர் தந்ததுதான். 1938-ல் மறைந்தார். 1965-ல் மேல்விஷாரத்தில் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். தோல் காசு நாறவில்லை நண்பர்களே, படிப்பாக மணக்கிறது!

சரி, வியாபாரி பெயர் நிலைத்தது. பச்சைத் தோலை உரித்தவன், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மயிர் நீக்கியவன் பெயர் எங்கே? பீவரைப் பிடித்துக் கொடுத்த அமெரிக்கப் பழங்குடி மக்களுக்குக் கிடைத்தது கடனும் சாராயமும். இங்கே தோலைத் தொட்டவனுக்குக் கிடைத்தது தீண்டாமை. தோலை விற்றவர் நவாப், தொட்டவன் மட்டும் ஈனமா? இது என்ன நியாயம்?

தோலைப் பதப்படுத்த ஆவாரம் பட்டையும் கடுக்காயும் வேண்டும். சேந்தமங்கலத்துக் கரட்டு மேட்டில் ஆவாரம் பட்டை உரித்து, மூட்டை கட்டி விற்றவர் என் தாத்தா. பாட்டி இன்னமும் சொல்லும். அந்தக் கை பட்ட தோல் எந்தச் சீமைக்குப் போச்சோ! அந்த வீட்டில் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை.

ஆனால் ஒன்று. பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல், குரோமியத்தில் ஒரே நாளில் பதமாகிவிடுகிறது. லாபம் முதலாளிக்கு, கழிவு நீர் பாலாற்றுக்கு! வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றும் சொன்னது. கெட்ட கிணறு இதனால் உடனே இனித்துவிடுமா? கல்லூரி கட்டுவது தர்மம்தான். ஆனால் ஆற்றைக் கெடுக்காமல் இருப்பது அதற்கும் முந்தின கடமை.

நாளை நம்மில் ஒருத்தன் சூப்பர்வைசராகத் தொழிற்சாலைக்குள் நுழைவான். முதலில் தொட்டியில் நிற்கிறவரின் கைக்கு உறை இருக்கா என்று பார்க்கட்டும். அடுத்து, கழிவுக் குழாய் எங்கே போகுது என்று பார்க்கட்டும். மூக்கைப் பொத்துவதை விட்டுக் கண்ணைத் திறப்போம், வாருங்கள்!