புரியாத பாஷையில் ஆரோக்கியம்

அமெரிக்காவில் மருந்துப் புட்டியின் மேல் ‘தினம் ஒரு தடவை’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டிவிட்டால் வைத்தியசாலையின் கடமை தீர்ந்ததென்று எண்ணுவோர் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் ‘ஒன்ஸ்’ என்று படிக்கும் அதே நான்கு எழுத்துக்களை ஸ்பானிஷ் பாஷைக்காரர் ‘ஓன்ஸே’ என்று படிப்பார். அதற்குப் பொருள் பதினொன்று! குழந்தைக்கு மருந்து கொடுக்கும் தாய் அப்படிப் படித்துவிட்டால் குற்றம் தாயினுடையதா, சீட்டு எழுதினவருடையதா என்று கேட்கிறோம்.

“பிழைக்க வந்த நாட்டின் பாஷையைக் கற்றுக்கொள்ளட்டுமே” என்கிறார்கள் சில கனவான்கள். நன்றாகக் கற்கட்டும். ஆனால் அவர்கள் கற்று முடிக்கும்வரை வியாதி வாசலில் காத்துக்கொண்டிருக்குமா? பகலெல்லாம் தோட்டத்தில் பழம் பறித்து, இரவில் பிள்ளைகளைக் கவனிக்கும் பெண் எப்போது பள்ளிக்கூடம் போவாள்?

கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் மெதுவாக முற்றுவது. முன்கூட்டிப் பரிசோதித்தால் தடுக்கக்கூடியது. அப்படியிருந்தும் அந்நாட்டு வெள்ளைப் பெண்களைவிட ஸ்பானிஷ் வழிப் பெண்களை அது அதிகமாகப் பிடிக்கிறது. வறுமையும் இன்ஷூரன்ஸ் இல்லாமையும் இதற்குக் காரணங்களே. எனினும் பரிசோதனை என்று ஒன்று இருப்பதையே அறியாதவள் அதை எப்படிக் கேட்பாள்? இதையும் தலைவிதி என்பதா?

துண்டுப் பிரசுரத்தை ஸ்பானிஷில் மொழிபெயர்த்துவிட்டால் போதுமென்பதும் அரைகுறை யோசனையே. குவாட்டமாலாவிலிருந்து வந்த பெண்களில் மாம் முதலிய மாயா பாஷைகளை மட்டுமே பேசுவோர் இருக்கிறார்கள். தாய்பாஷையிலும் எழுத்தறியாதோர் இருக்கிறார்கள். இவர்களுக்கு அச்சடித்த காகிதம் எந்தப் பாஷையிலிருந்தால் என்ன?

வழி இல்லாமலில்லை. ‘ப்ரொமோத்தோரா’ என்று அழைக்கப்படும், அதே ஜனங்களிடையே பிறந்து பயிற்சி பெற்ற பெண்கள், வீடு வீடாகச் சென்று வாயால் எடுத்துச் சொல்லுகிறார்கள். காலை மருந்துக்குச் சூரியனும் இரவு மருந்துக்குச் சந்திரனும் வரைந்து காட்டலாம். “புரிந்ததா?” என்று கேட்டால் வெட்கத்தினால் எவரும் தலையாட்டுவார்கள். அதைவிட, “வீட்டிலே எப்படிக் கொடுப்பீர்கள், சொல்லுங்கள் அம்மா” என்று அவர்கள் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்பதே சரியான முறை. இதற்கு வேண்டியது பெரும் பணமல்ல, மரியாதையும் பொறுமையுமே.

சர்க்கார் உதவி பெறும் இடங்களில் பிறந்த தேசம் காரணமாகப் பேதம் கூடாதென்று 1964-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. அவசர வேளை தவிர, சிறு பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளக் கூடாதென்று 2016-இல் விதி வந்தது. தாயின் அந்தரங்க வியாதியைப் பத்து வயதுப் பையன் வைத்தியரிடம் விவரிப்பது என்ன நியாயம்? ஆனால் ஆங்கிலம் அறியாதோருக்குப் பாஷை உதவி கிடைக்கும்படி 2000-இல் போடப்பட்ட ஜனாதிபதி உத்தரவு 2025 மார்ச்சில் ரத்தாயிற்று. 1964-ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தாகவில்லை; அதை மறக்கச் செய்வதே இனி நடக்கக்கூடியது.

தோழர்களே! புரியாத பாஷையில் சொல்லப்படுவதெல்லாம் உயர்ந்ததென்று நம்பிக் கைகட்டி நின்றதன் பலனை நாம் நன்றாக அறிவோம். ஜனங்களுக்கு எட்டாத வைத்திய அறிவு, பூட்டி வைத்த மருந்துப் பெட்டிக்குச் சமானமே. சாவியை வைத்திருப்பவர்தான் திறக்க வேண்டுமேயொழிய, நோயாளியைக் குறைகூறிப் பயனில்லை என்பதே நமது அபிப்பிராயம்.