மண்ணில் கிடைத்த மருந்து

விவசாயி ஆகவேண்டும் என்பதுதான் ஆல்பர்ட் ஷாட்ஸின் ஆசை. 1920ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்து, இளமையில் குடும்பப் பண்ணையில் வளர்ந்தவர். நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படித்ததும் அதற்காகத்தான். 1942ல் பட்டம் பெற்று, பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். சில மாதங்களில் ராணுவம் அழைத்துக்கொண்டது.

அவரை அனுப்பியது போர்முனைக்கு அல்ல. ஃப்ளோரிடாவில் இருந்த விமானப்படை மருத்துவமனைகளுக்கு. கிருமிகளைப் பரிசோதிக்கும் வேலை. சல்ஃபா மருந்துகளுக்கும் அப்போதுதான் வந்திருந்த பெனிசிலினுக்கும் அசையாத கிருமிகள் இருந்தன. போரில் தப்பியும் அவற்றிடம் சிக்கிய இளம் சிப்பாய்கள் கண்ணெதிரே இறந்தார்கள். ஷாட்ஸ் ஓய்வு நேரத்தில் சதுப்பு நிலங்களிலும் கடற்கரையிலும் மண்ணை அள்ளி வந்து, அதில் வாழும் நுண்ணுயிர்களில் ஏதாவது ஒன்று இந்தக் கிருமிகளைக் கொல்லுமா என்று தேட ஆரம்பித்தார். மண்ணுக்குள் நோய்க்கிருமிகள் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை என்பது மண்ணியல் படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. முதுகுக் கோளாறு காரணமாக 1943 ஜூனில் ராணுவம் அவரை விடுவித்தது. ஏழு மாத சேவைதான். தேடலை மட்டும் அவர் விடவில்லை.

மாதம் 40 டாலர் உதவித்தொகையில் ரட்கர்ஸ் திரும்பியவர், காசநோய்க் கிருமியையும் சேர்த்துக்கொண்டார். அது ஆபத்தான சரக்கு. ஆகவே ஆராய்ச்சி கட்டடத்தின் அடித்தள அறைக்குப் போயிற்று. பேராசிரியர் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்று ஷாட்ஸ் பிற்பாடு சொன்னார். இரவும் அங்கேயே படுக்கை. மருந்தை வடித்தெடுக்கும் குடுவையில் சிவப்புக் கோடு போட்டுவைப்பார்; திரவம் கோட்டுக்கு இறங்கினால் இரவுக் காவலாளி வந்து எழுப்பிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 23ல் குறிப்பேட்டில் அவர் எழுதிய 11வது பரிசோதனை, அக்டோபர் 19ல் பலன் தந்தது. நன்றாக எரு போட்ட வயல் மண்ணிலிருந்து ஒன்று, ஒரு கோழியின் தொண்டையிலிருந்து ஒன்று என ஒரே நுண்ணுயிரின் இரண்டு வகைகள். அவற்றிலிருந்து வந்ததுதான் ஸ்ட்ரெப்டோமைசின். காசநோயை வென்ற முதல் ஆன்டிபயாடிக். அப்போது ஷாட்ஸுக்கு வயது 23.

பிரிட்டனில் நடந்த சோதனையின் முடிவுகள் 1948ல் வெளியாயின. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். வெறும் படுக்கை ஓய்வில் இருந்த 52 பேரில் 14 பேர். இந்தியாவிலும் பல ஆண்டுகள் காசநோய் வைத்தியம் என்றால் ஜனங்கள் மனதில் நின்றது இந்த ஊசிதான். காதைப் பாதிக்கும், கிருமி பழகிவிட்டால் பலிக்காது என்பதெல்லாம் போகப் போகத் தெரிந்தன.

கண்டுபிடிப்பை அறிவித்த 1944 கட்டுரையில் முதல் பெயர் ஷாட்ஸ், கடைசிப் பெயர் வாக்ஸ்மன். மேடைகளில் வரிசை மாறியது. காப்புரிமையில் இருவர் பெயரும் இருந்தது. ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு உரிமையைப் பல்கலைக்கழக அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். யாருக்கும் லாபம் இல்லை என்றே ஷாட்ஸ் நம்பினார். ஆனால் ராயல்டியில் 20 சதவிகிதம் பேராசிரியருக்குப் போய்க்கொண்டிருந்தது. 1950ல் மாணவர் வழக்குப் போட்டார். அந்த ஆண்டே சமரசம். ராயல்டியில் 3 சதவிகிதமும் ‘சட்டப்படியும் விஞ்ஞானரீதியிலும் இணைக் கண்டுபிடிப்பாளர்’ என்ற அங்கீகாரமும் அவருக்குக் கிடைத்தன. 10 சதவிகிதம் வாக்ஸ்மனுக்கு.

1952ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் வந்தது. அவர் பங்கு சின்னதல்ல. மண் நுண்ணுயிர்களில் மருந்தை முறைப்படி தேடும் பாதையைப் போட்டவர் அவர். அந்தப் பாதையில்தான் ஷாட்ஸும் நடந்தார். ஆனால் ஒரு பரிசை மூன்று பேர் வரை பகிர விதி இடம் தருகிறது. நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட பங்கை ஸ்டாக்ஹோமில் மறந்ததற்கு நியாயம் சொல்வது கடினம். ஷாட்ஸ் வேலை பார்த்த சின்ன விவசாயக் கல்லூரி ஆட்சேபம் தெரிவித்தது. பயனில்லை.

பேராசிரியர் மீது வழக்குப் போட்டவருக்குப் பெரிய ஆய்வுக்கூடங்களின் கதவு திறக்கவில்லை. 1962ல் சிலி நாட்டுக்குப் போனார். பிறகு திரும்பி வந்து ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1980 வரை பாடம் நடத்தினார். பாறை மேல் படரும் பாசிக்காளான் கல்லை எப்படி மண்ணாக்குகிறது என்பதிலும் ஆராய்ச்சி செய்தார்.

1994ல், ஐம்பது ஆண்டு கழித்து, ரட்கர்ஸ் அவரை அழைத்துப் பதக்கம் அணிவித்தது. 2005ல் இறந்தார். புது நுண்ணுயிரை முதலில் வளர்த்த சோதனைக்குழாய் ஒன்றின் வாயை மூடி, ஷாட்ஸ் தன் அம்மாவிடம் கொடுத்திருந்தார். அது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.