வரம் கொடுத்தவர் வார்த்தை மாறலாமா?

ஓசூர் சிப்காட் பக்கம் ஞாயிறுதோறும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்தும் நண்பரின் வாதம் இது: 'விஷ்' மந்திரத்தில் யார் எதைக் கேட்டாலும் திரித்துத்தான் கொடுக்க வேண்டும், நம் புராணங்களும் அதைத்தானே சொல்கின்றன?

சொல்லவில்லை. மனிதனாலும் மிருகத்தாலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும் சாவு கூடாது என்றான் இரணியன். பிரமன் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இரணியன் விட்ட இடைவெளியில்தான் நரசிம்மம் புகுந்தது. பஸ்மாசுரனுக்கும் கேட்டதே கிடைத்தது. ஓடியவர் கொடுத்த சிவன்! கும்பகர்ணன் நாவைச் சரஸ்வதி குழப்பியது மட்டும் நண்பருக்குச் சாதகமான சாட்சி. அங்கும் வாயில் வந்த சொல் அப்படியே பலித்தது.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. விலையை முன்பே சொல்லிவிடுங்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 'விஷ்' 5000 அனுபவப் புள்ளிகளைத் தின்றது. 2014 விதிகளில், எட்டாம் நிலை வரையுள்ள வேறொரு மந்திரத்தை அதன்வழி நிகழ்த்தினால் ஆபத்தில்லை. அதைத் தாண்டினால், 'விஷ்' இனி ஒருபோதும் கைகூடாமல் போக 33 சதவீத வாய்ப்பு. பெரிய ஆசையைக் கோணலாக்கும் உரிமையையும் அதே விதிகள் நடத்துநருக்குத் தருகின்றன, உண்மைதான். ஆனால் எல்லா ஆசையையும் கோணலாக்குவது, கையெழுத்து வாங்கியபின் ஒப்பந்தத்தில் நிபந்தனை சேர்ப்பது போல.

டிராகன் சாக வேண்டும் என்று கேட்டால் சாகட்டும். காவலற்ற அந்தப் பொற்குவியலுக்கு யார் யார் படையெடுப்பார்கள் என்று நண்பர் யோசிக்கட்டும். அடுத்த பத்து ஞாயிறுக்கு அவருக்குக் கதை கிடைத்துவிடும்.