முத்துப் பாரும் அறிவுப் பொறியும்

செயற்கை அறிவுப் பொறி அரசினர் கையில் இருத்தல் நன்றா, கம்பெனியார் கையில் இருத்தல் நன்றா என்று இன்று உலகெங்கும் வாதம் நிகழ்கின்றது. முத்து வாணிகத்தாற் சிறந்த காயல்பட்டினத்தின் கடல் இதற்கு விடை கூறும் என்பது நம் கருத்து.

அக்கடலில் முத்துச்சிப்பி வளரும் பார்கள் நெடுங்காலம் அரசுடைமையாய் இருந்தன. ஆங்கில ஆட்சியில் அதிகாரிகள் பாரைச் சோதித்து, சிப்பி முற்றிய ஆண்டிலேயே சலாபம் நடத்தினர். ஆயினும், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குச் சென்றது; உயிரைப் பணயம் வைத்து மூழ்கினோர் பெற்றது ஒரு பங்கே. எதிர்க்கரையிலோ, 1906இல் இலங்கை அரசாங்கம் தன் பார்களை ஒரு கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. சில ஆண்டுகளிலேயே சிப்பி அருகிற்று; கம்பெனியும் கலைந்தது.

இன்றைய பொறிகளோ மக்கள் அனைவரும் எழுதிவைத்த சொற்களைக் கொண்டே அறிவு பெறுகின்றன. அச்சொற்களைச் சில கம்பெனிகள் போட்டியிட்டு அள்ளுகின்றன. நம் இந்திய அரசும் 2024இல் இத்துறைக்குப் பதினாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. பொதுப்பணம் செலவாதல் மட்டும் பொதுநலம் ஆகாது. தொழிலை எவர் நடத்தினும், புதுப்பொறியைச் சோதித்துத் தடுக்கும் அதிகாரம் மக்களுக்குப் பொறுப்புடையார் கையில் இருத்தல் வேண்டும். அவர்தம் கணக்கு வெளிப்படையாதல் வேண்டும். சொல் தந்த மக்களுக்குப் பயனில் உரிய பங்கு வேண்டும். இம்மூன்றும் இல்லாவிடத்து, உடைமை அரசினதாயினும் கம்பெனியினதாயினும் நமக்கு வேறுபாடு இல்லை.