21 வயதில் சாத்தப்படும் நீதிமன்றக் கதவு

உரிய காலத்தில் வழக்குத் தொடுக்க இயலாதவர்கள் என, இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவு ஏற்பது மைனர்களையும் மனநலம் குன்றியவர்களையும் மட்டுமே. (பின்னவர்களைக் குறிக்க அது கையாளும் ஆங்கிலச் சொற்கள் இன்றும் வசைச் சொற்களே.) ஆதிக்கச் சாதியினர் மீதான அச்சமும், அவர்கள் வயலிலேயே கூலிக்கு நிற்க வேண்டிய நிர்ப்பந்தமும் அதில் இடம்பெறவில்லை.

மைனருக்கான சலுகையும் குறுகியதே. தந்தையை இழந்த ஐந்து வயதுப் பிள்ளையின் பட்டா நிலத்தை ஒருவர் தமதென்று வளைத்துக்கொண்டால், மீட்பதற்கான 12 ஆண்டுக் கெடு 17 வயதில் முடியும். 6, 8ஆவது பிரிவுகள் அதனை 21 வயதுவரை நீட்டும். ஆக்கிரமிப்பு தந்தையின் காலத்திலேயே தொடங்கியிருந்தால்? ஓடத் தொடங்கிய காலம் பின்னர் நேரும் இயலாமைக்காக நிற்காது என்கிறது 9ஆவது பிரிவு. தந்தை அஞ்சி வாய்மூடியிருந்த ஆண்டுகளும் பிள்ளையின் கணக்கில் ஏறும். கெடு கடந்தால், 27ஆவது பிரிவு நில உரிமையையே அழித்துவிடும். தாமதத்தை மன்னிக்கும் 5ஆவது பிரிவு அசல் வழக்குகளுக்குப் பொருந்தாது. சாதிய மிரட்டலுக்கு ஆட்பட்டிருந்த காலத்தைக் கழித்துக் கணக்கிடும் சட்டத்திருத்தத்தை நாம் கோருவது இதனால்தான்.

காப்பாளர் நீதிமன்ற அனுமதியின்றி மைனரின் நிலத்தை விற்றிருந்தாலும், அக்கிரயத்தை ரத்துசெய்யக் கோர 18 வயது நிறைந்தபின் மூன்றாண்டுகளே உண்டு. நம் கல்லூரி மாணவர் பலர் அம்மூன்றாண்டுகளுக்குள்தான் இப்போது இருக்கின்றனர். குடும்ப நிலத்தின் வில்லங்கச் சான்றை அவர்கள் இவ்விடுமுறையிலேயே பெற்றுப் பார்க்க வேண்டும்.