கடனை இடம் மாற்றி மிச்சம் பிடித்தவர் யார்?

என் அக்காவின் மகன் அரச உத்தியோகத்தன். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், சோற்றுக்குக் குந்துமுன்னரே புழுகத்தோடு சொன்னான்: "மாமா, கடனட்டையில கிடந்த மூண்டு லட்சத்தையும் மற்ற வங்கிக்கு மாத்திட்டன். அங்க 28 வீதம், இங்க 12தான். நீங்களும் நம்மட ஆக்களுக்குச் சொல்லுங்க." கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் எந்த வங்கி என்று விசாரித்தார். இன்னொருவர் அங்கே தெரிந்த ஆள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். மூன்று இலட்சமும் எப்போது தீரும் என்று கேட்க அந்தத் திண்ணையில் ஒரு வாய் திறக்கவில்லை.

எனக்கு அவன் மேல் வந்த கோபத்தைவிட அந்தத் தலையாட்டலின் மேல் வந்த கோபம் பெரிது. வட்டி குறைந்த இடத்துக்குக் கடனைத் தூக்கிப் போட்டால் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கை எங்கள் பழுகாமத்துக்குக் கடனட்டையோடு வந்ததல்ல. மட்டக்களப்புப் படுவான்கரையில் அது எத்தனையோ வருடமாக வீடு வீடாகக் குடியிருக்கிறது. அதற்குப் பலியான ஒரு தாலிக்கொடியை எனக்குத் தெரியும்.

எனக்கு மச்சாள் முறையான ஒரு பெண்ணின் கொடி அது. ஐந்து பவுண். ஒரு மாரி வெள்ளாமைக்கு உரம் வாங்கக் காசில்லாமல், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடியில் ஒரு வங்கியில் ஈடு வைத்தார்கள். அடுத்த வருடம் தவணை முடிந்தபோது, "மற்ற வங்கியில வட்டியும் குறைவு, பவுணுக்குக் கூடவும் குடுக்கிறாங்க" என்று யாரோ புத்தி சொன்னார்கள். அங்கிருந்து மீட்டு இங்கே வைத்தார்கள். மீட்கக் கையில் காசு ஏது? அதற்கென்றே ஆள் இருக்கிறான். வங்கி வாசலில் கைப்பையோடு நிற்பான். முதல் வங்கியில் மீட்புக் காசை அவனே கட்டுவான். நகை வெளியே வந்ததும் அடுத்த வங்கி வரைக்கும் அவளைவிட்டு விலகாமல் கூடவே நடப்பான். அங்கே காசு கைக்கு வந்ததும் தன் முதலையும் ஒருநாள் வட்டியையும் எண்ணி எடுத்துக்கொண்டு போய்விடுவான். மிஞ்சியது அவளுக்கு. அந்த மிஞ்சிய காசைத்தான் மிச்சம் பிடித்த காசு என்று எல்லோரும் நினைத்தார்கள். அது அவளுடைய புதுக்கடன். பழைய முதலோடு பழைய வட்டியும் புதுக்கடனும் சேர்ந்து, எல்லாம் ஒரே முதலாகி மறுகா வட்டி ஓடத் தொடங்கியது.

கொடி மூன்று இடம் மாறியது. ஒவ்வொரு முறையும் வட்டி வீதம் குறைந்தது உண்மைதான். ஒவ்வொரு முறையும் கடன் கூடியதும் உண்மை. 2022இல் ரூபா விழுந்து ஒரு பவுண் ஒன்றரை இலட்சத்தையும் தாண்டியபோது, அந்த வீட்டில் அதைத் தெய்வம் திறந்த வழியாகவே பார்த்தார்கள். அதே கொடிக்கு இன்னும் கூடுதலாக எடுத்தார்கள். கொடி வீட்டுக்கு வரவில்லை. அவள் கழுத்தில் இன்றைக்கும் மஞ்சள் கயிறுதான். வட்டி குறைகிறது என்று என்னிடம் வந்து சொல்லுகிற எவரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கொடி வந்ததா?

இனி அந்த 12 வீதத்தைப் பார்ப்போம். மருமகன் காட்டிய தாளை வாங்கிக் கணக்குப் போட்டேன். மூன்று இலட்சம், 24 தவணை, மாதம் 15,500 ரூபா. அந்த 12 வீதம் மூன்று இலட்சத்தின் மேல் இரண்டு வருடமும் அசையாமல் நிற்கிறது. ஒவ்வொரு மாதமும் முதலில் 12,500 கட்டிக் குறைத்துக்கொண்டே போனாலும், மாதம் 3,000 ரூபா வட்டி குறைவதே இல்லை. கடைசி மாதம் அவன் தலையில் இருக்கும் முதல் வெறும் 12,500. அந்த மாதத்துக்கும் மூன்று இலட்சத்துக்குரிய 3,000 ரூபாவையே எடுக்கிறார்கள். குறைந்துவரும் மீதிக்கு வட்டி போடும் கணக்குக்கு இதைக் கொண்டுவந்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 21½ வீதம் வருகிறது. பழைய அட்டையின் 28 வீதம் குறைந்துவரும் மீதிக்கானது. இரண்டையும் பக்கத்தில் வைத்து "28 எங்கே, 12 எங்கே" என்று கேட்பது அப்பட்டமான ஏமாற்று.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. அவன் எங்கேயும் மாற்றாமல், பழைய அட்டையிலேயே இந்த 15,500 ரூபாவை மாதாமாதம் கட்டி, அட்டையை வேறெதற்கும் எடுக்காமல் இருந்தால் கடன் எப்போது தீரும்? ஏறத்தாழ 26 மாதத்தில். இரண்டே இரண்டு தவணைதான் வித்தியாசம். அதிலும் மாற்றுவதற்கென்று எடுக்கிற கட்டணத்தைக் கழிக்க வேண்டும். ஆகவே அவனுடைய கடனைத் தீர்க்கப்போவது மாதம் 15,500 ரூபாவைத் தவறாமல் வைக்கிற அவனுடைய கைதான். அந்தக் கை முந்தியும் அவனிடம்தான் இருந்தது. ஆனால் பழைய அட்டையில் இப்போது மூன்று இலட்சம் வெறுமையாகக் கிடக்கிறது. அதை மூடிவிட்டாயா என்று கேட்டேன். "அவசரத்துக்கு இருக்கட்டும் மாமா" என்றான். கொடிக்காரியின் வீட்டிலும் ஒவ்வொரு முறையும் அவசரத்துக்குத்தான் கூட எடுத்தார்கள்.

கடனட்டைப் பாக்கியை வங்கி மாற்றும் இந்தத் திட்டத்தை முதலில் யோசித்தவர்கள் யார், எதற்காக யோசித்தார்கள் என்று தெரிந்தால் இந்த மயக்கம் கொஞ்சம் தெளியும். அமெரிக்காவில் சிக்னெட் என்ற வங்கிக்குள் ரிச்சர்ட் ஃபேர்பாங்க், நைஜல் மோரிஸ் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் இதை வளர்த்தெடுத்தார்கள். அந்தப் பிரிவுதான் 1994இல் தனியாகப் பிரிந்து கேப்பிட்டல் வண் ஆனது. அவர்கள் வலை வீசியது மாதக் கடைசியில் பாக்கியை முழுதாகக் கட்டிவிடும் ஆளுக்கல்ல; அவனால் வங்கிக்கு வட்டி இல்லை. மற்ற வங்கியில் பாக்கியைச் சுமந்துகொண்டு, ஒழுங்காக வட்டியும் கட்டிக்கொண்டு இருக்கும் ஆளைத் தேடினார்கள். தொடக்கத்தில் குறைந்த வட்டியைக் காட்டி அவனைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். பாக்கியைச் சுமக்கும் பழக்கம் உள்ளவன் தங்களிடமும் சுமப்பான் என்பதுதான் அந்த வியாபாரத்தின் அடித்தளம். கடன் தீர்ந்து நீங்கள் விடுபட வேண்டும் என்று எந்த வங்கியும் உங்களைக் கூப்பிடுவதில்லை.

வட்டி குறைவாக இருக்கும்வரை முதல் கிடந்தால் என்ன என்று இருந்தவர்களுக்கு 2022இல் என்ன நடந்தது? 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீத உச்சவரம்பு போட்டது. 2022 ஏப்ரலில் தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு வீதப் புள்ளி ஏற்றியது. கடனட்டை வரம்பும் நீங்கியது. 18க்கு என்று விட்டுவைத்த முதலுக்கு 30க்கு மேல் கட்ட வேண்டி வந்தது. 2023 ஆகஸ்டில்தான் கடனட்டைக்கு 28, அடகுக்கு 18 என்று மறுகா வரம்பு வந்தது. வட்டி வீதம் கொழும்பில் ஏறும், இறங்கும். நம் கையில் இருப்பது முதல் மட்டும். அதைக் குறைக்காதவன் எந்த வங்கியில் இருந்தாலும் அடிபடுவான்.

கிழமை லோன் காலத்தை மறந்துவிட்டோமா? யுத்தம் முடிந்து நுண்கடன் கொம்பனிகள் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தபோது, ஒரு கொம்பனியின் தவணையைக் கட்ட இன்னொரு கொம்பனியில் எடுத்த பெண்கள் எத்தனை பேர்! அவர்களும் கடனை மாற்றியவர்கள்தான். லோன்காரனின் சத்தம் கேட்டால் பிள்ளையை வாசலுக்கு அனுப்பி "அம்மா இல்லை" என்று சொல்ல வைத்த வீடுகளை இந்தப் பக்கம் பார்க்காதவர் இல்லை. 2018இல் இங்கே வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி வருடத்துக்கு 220 வீதம் வரை போனதாகச் சொன்னார். வசூலிப்பவர்களின் பாலியல் தொல்லையையும் எழுதினார். அந்த வருடமே அரசாங்கம் மட்டக்களப்பு உட்பட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைக் கட்ட முடியாமல் நின்ற பெண்களுக்குத் தள்ளுபடி அறிவித்தது. அதற்குப் பிறகும் 2021 மார்ச்சில் பக்கத்துப் பொலன்னறுவை மாவட்டத்தில், ஹிங்குரக்கொடையில் பெண்கள் வீதியில் குந்திச் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. 2010இல் ஆந்திராவிலும் இதே கதைதான். ஒன்றை அடைக்க ஒன்றை எடுத்த கிராமத்துப் பெண்கள் தற்கொலைவரை போன பிறகே மாநில அரசு சட்டத்தோடு எழுந்தது. அங்கேயும் இங்கேயும் கடன் இடம் மாறிக்கொண்டேதான் இருந்தது. கொடி வந்ததா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மருமகனின் கையில் இருந்த விளம்பரத் தாளில் "குறைந்த வட்டி" என்பது பெரிய தமிழ் எழுத்தில் இருந்தது. தவணை தவறினால் சலுகை நின்று பழைய வட்டிக்குத் திரும்பும் என்ற நிபந்தனை, அவன் ஒப்பமிட்ட படிவத்தில் எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் இருந்தது. ஆசை காட்டத் தமிழ் வருகிறது, கட்டிப்போட ஆங்கிலம் வருகிறது. தமிழும் அரச கரும மொழியாக இருக்கும் நாட்டில் இதை யார் கேட்பது? மொத்தம் எத்தனை ரூபா கட்டி முடிப்பீர்கள் என்பதைத் தமிழில், முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் போடாத எந்தப் படிவத்திலும் ஒப்பமிட மறுக்க வேண்டும். படித்த உத்தியோகத்தர்களே மறுக்காவிட்டால் கொடிக்காரி எப்படி மறுப்பாள்?

அவளுடைய வீட்டில் கடன் தொடங்கியதே வட்டியால் அல்ல, உரத்துக்குக் காசில்லாமல். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்து விளைச்சலை அழித்தார்கள். அது பிறகு வந்த அடி. அதற்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு அறுவடையிலும் நடப்பது இதுதான்: உரத்துக்குக் காசு கொடுத்த வியாபாரி வரம்பிலேயே வந்து நிற்பான், ஈர நெல்லை அவன் சொன்ன விலைக்கு அள்ளிப்போவான். நெல் சந்தைப்படுத்தும் சபை களஞ்சியத்தைத் திறக்கும்போது இங்கே சிறு விவசாயியின் கையில் விற்க நெல் இருக்காது. நெல்லுக்கு ஒழுங்கான விலை கிடைத்த ஒரே ஒரு போகம் போதும், அந்தக் கொடியை மீட்க. எந்த வங்கியில் 12 வீதம் என்று என்னிடம் விசாரிக்கிறவர்கள், அடுத்த வெட்டுக்கு முந்தியே களஞ்சியம் திறக்குமா என்று வெல்லாவெளிப் பிரதேச செயலகத்தில் கூட்டமாய்ப் போய்க் கேட்கட்டும். நானும் வருகிறேன்.